வாயாடிப் பல்லி கெக்ஸ்: பழைய கேமை மறுபடி ஆட நினைப்பவர்களின் கேள்விகள்

கெக்ஸ் யார்? எந்த கேமைப் பற்றிப் பேசுகிறோம்?

கெக்ஸ் ஒரு பச்சைப் பல்லி. சுவரில் ஏறும், வாலால் அடிக்கும், நாக்கை நீட்டிப் பூச்சியைப் பிடிக்கும். இதற்கு நடுவில் ஓயாமல் பேசும். அமெரிக்காவின் கிரிஸ்டல் டைனமிக்ஸ் நிறுவனம் 1995-ல் 3டிஓ என்ற கன்சோலுக்காக, அதாவது டிவியில் இணைத்து ஆடும் கேம் இயந்திரத்துக்காக, 'கெக்ஸ்' என்ற முதல் கேமை வெளியிட்டது. அப்புறம் பிளேஸ்டேஷனுக்கும் சேகா சாட்டர்னுக்கும் வந்தது. மொத்தம் மூன்று கேம்கள். முதலாவது பக்கவாட்டில் நகரும் 2டி. இரண்டாவது 'என்டர் தி கெக்கோ' 1998-ல் வந்தது, மூன்றாவது 'டீப் கவர் கெக்கோ' 1999-ல். இந்த இரண்டும் 3டி.

மூன்றிலும் எதிரி ரெஸ்தான். மீடியா டைமென்ஷன் என்கிற டிவி உலகத்தை ஆள்பவன். முதல் கேமில் அவன் கெக்ஸை டிவிக்குள் இழுத்துப் போட்டுவிடுகிறான். ஒவ்வொரு சேனலும் ஓர் உலகம். ரிமோட்டுகளைத் தேடி எடுத்து வழியைத் திறந்துகொண்டே போக வேண்டும். அவ்வளவுதான் கதை.

அந்தக் காலத்தில் ஏன் எல்லா கேமிலும் ஒரு வாயாடி மிருகம் இருந்தது?

1991-ல் சோனிக் வந்து சேகாவுக்குப் பெரிய வெற்றியைத் தேடித் தந்தது. நீல நிற முள்ளெலி, திமிரான பார்வை, நின்றால் பொறுமையில்லாமல் காலைத் தட்டுவது. அதைப் பார்த்த மற்ற நிறுவனங்கள் எல்லாம் தங்களுக்கும் ஒரு மிருகம் வேண்டும் என்று கிளம்பின. 1993-ல் பப்ஸி என்ற காட்டுப்பூனையும் ஏரோ என்ற வௌவாலும் வந்தன. 1994-ல் எர்த்வார்ம் ஜிம் என்ற மண்புழு. திமிர் எல்லாவற்றுக்கும் பொது. ஆனால் அவை வந்த கார்ட்ரிட்ஜில், அதாவது கன்சோலில் செருகும் சிப் பெட்டியில், இடம் குறைவு என்பதால் குரல் ஒன்றிரண்டு வாக்கியங்களோடு நின்றுவிடும்.

3டிஓ குறுந்தகட்டில் ஓடிய கன்சோல். 1993 அக்டோபரில் அமெரிக்காவில் கிட்டத்தட்ட 700 டாலர் விலையில் வந்தது. அந்த விலைக்கு அதிகம் பேர் வாங்கவில்லை. ஆனால் ஒரு தகட்டில் 600 மெகாபைட்டுக்கு மேல் இடம் இருந்தது. ஒரு ஸ்டாண்ட்-அப் கலைஞரைக் கூட்டி வந்து பக்கம் பக்கமாகப் பேச வைக்க அது போதும். டானா கூல்ட் என்ற அமெரிக்க நகைச்சுவைக் கலைஞர் கெக்ஸுக்குக் குரல் கொடுத்தார். 'இட்ஸ் டெயில் டைம்' என்ற வரி இன்றும் பலருக்கு அவர் குரலில்தான் காதில் விழும்.

இன்றைக்கு ஆடினால் ரசிக்க முடியுமா, அல்லது நினைவில் மட்டும்தான் நன்றாக இருக்கிறதா?

முதல் கேமை ரசிக்க முடியும். தயங்காமல் சொல்கிறேன். இரண்டாவதைப் பொறுமை இருந்தால் ரசிக்கலாம். மூன்றாவது, முதல் இரண்டும் பிடித்தவர்களுக்கு மட்டும்.

முதல் கேம் நிற்பது அதன் அசைவில். கெக்ஸ் பல்லி என்பதை உருவாக்கியவர்கள் வெறும் தோற்றமாக விட்டுவிடவில்லை. சுவரை நோக்கிக் குதித்தால் ஒட்டிக்கொள்கிறான். அங்கிருந்து மேலே ஏறலாம், கூரையில் தலைகீழாகப் போகலாம், சில இடங்களில் பின்னணிச் சுவரின் மேலேயே எட்டுத் திசையிலும் ஊர்ந்து போகலாம். அப்படி ஊரும்போது அவனை முதுகுப் பக்கமிருந்து பார்க்கிறோம். பிளாட்ஃபார்ம் கேம், அதாவது ஓடிக் குதித்துத் தாண்டிப் போகும் கேம், ஆடிப் பழகிய கண் தரையையும் பள்ளத்தையும் மட்டுமே பார்க்கும். இங்கே ஐந்து நிமிடத்தில் திரை முழுவதுமே நடக்கக்கூடிய இடமாகத் தெரிய ஆரம்பிக்கிறது. 'அந்த மூலையில் ஏதோ ஒளித்து வைத்திருப்பான்' என்று தோன்றும். போய்ப் பார்த்தால் பெரும்பாலும் இருக்கும்.

வால் துள்ளலும் அப்படித்தான். காற்றில் இருக்கும்போது வாலைக் கீழே சுருட்டி எதிரி தலையில் இறங்கினால், சாதாரணக் குதியை விட உயரமாக எழும்பலாம். எதிரியைக் கொல்வது மட்டும் இதன் வேலை இல்லை, அவனே படிக்கட்டும் ஆகிறான். ஓர் எதிரியை அவசரப்பட்டு வாலால் அடித்துவிட்டால் மேலே இருக்கும் மறைவிடத்துக்குப் போகும் வழி போய்விடும். இந்த மாதிரி யோசிக்க வைக்கும் இடங்கள் முதல் கேமில் நிறைய.

ஜோக்குகள்?

எல்லோரும் கேட்கிற கேள்வி. கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

கெக்ஸ் பேசுவது பெரும்பாலும் 1970களிலிருந்து 90கள் வரையிலான அமெரிக்க டிவி, சினிமா, பிரபலங்கள் பற்றி. அதற்கு ஒரு வார்ப்பு உண்டு. பேய் வீட்டுக்குள் நுழைந்தால் 'இது இன்ன பாடகர் வீட்டில் மாட்டிக்கொண்ட மாதிரி இருக்கிறதே' என்பான். குளிரான இடத்தில் வேறொரு பெயர் வரும். அந்தப் பெயர்களில் பாதி, அமெரிக்காவில் வளர்ந்த இன்றைய இளைஞர்களுக்கே தெரியாது. அந்த டிவியைப் பார்க்காமல் வளர்ந்த ஒருவருக்கு இவை கிட்டத்தட்ட முழுக்கவே சத்தமாகத்தான் போய்ச் சேரும். சிறு வயதில் ஆடிய பலரும் அர்த்தம் தெரியாமல், அந்தத் தொனிக்காகவே சிரித்தவர்கள். அதில் குறை ஒன்றும் இல்லை. தொனி உண்மையிலேயே நன்றாக இருக்கிறது. கூல்ட் வரிகளைக் கத்திச் சொல்வதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து டிவி பார்க்கும் நண்பன் முணுமுணுப்பது போலச் சொல்கிறார்.

ஜோக்கை விடத் திரும்ப வருவதுதான் தொல்லை. முக்கியமாக இரண்டாவது கேமில். ஒவ்வொரு உலகத்துக்கும் ஒரு தொகுப்பு வரிகள். அவற்றிலிருந்து ஏதாவது ஒன்று வரும். கடினமான ஒரு குதியில் நான்கு முறை விழுந்தால், அதே கடி ஜோக்கை மூன்று முறை கேட்கும் வாய்ப்பு அதிகம். முதல் முறை சிரிப்பு, இரண்டாவது முறை பழக்கம். மூன்றாவது முறை, விழுந்ததற்கு அவன் நம்மையே கலாய்ப்பது போல் தோன்றும். எழுதியவர்கள் தனித்தனி வரியாக யோசித்திருக்கிறார்கள். ஆடுபவர் ஒரே இடத்தில் எத்தனை முறை நிற்க வேண்டியிருக்கும் என்ற கணக்கு அதில் இல்லை. இன்றைய கேம்களில் ஒரு வரி வந்தால் சிறிது நேரத்துக்கு அது மறுபடி வராதபடி பூட்டி வைப்பது சாதாரணம்.

இருந்தாலும் அந்தக் காலத்து வாயாடி மிருகங்களில் கெக்ஸுக்கு மட்டும் பேசுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது என்று நினைக்கிறேன். அவனுடைய பின்கதையில் அப்பா நாசாவில் வேலை செய்தவர், ராக்கெட் விபத்தில் இறந்துபோகிறார். அந்தத் துக்கத்தில் பையன் டிவி முன்னால் உட்கார்ந்துவிடுகிறான். பிறகு பெரிய சொத்து கைக்கு வருகிறது. ஹவாயின் மாவி தீவில் வீடு வாங்கிப் பெரிய டிவி ஒன்றை வைத்துக்கொண்டு மறுபடியும் உட்கார்ந்துவிடுகிறான். அவனுக்குத் தெரிந்த உலகம் அது ஒன்றுதான். பயந்தாலும் டிவி வசனம், சந்தோஷப்பட்டாலும் டிவி வசனம். பப்ஸி பேசுவது மிருகம் பேசினால் விற்கும் என்பதற்காக. கெக்ஸ் பேசுவது அவனுக்கு வேறு மொழி தெரியாததால். இதைத் தெரிந்துகொண்டு ஆடினால் பல வரிகள் வேறு மாதிரி கேட்கின்றன.

குரலை அணைத்துவிடலாமா?

இசையையும் குரலையும் தனியாகக் குறைக்கும் வசதி இருந்தால், ஒரு உலகம் முழுவதையும் குரலோடு ஆடிவிட்டு, விட்டுப்போன ரிமோட்டுகளுக்காகத் திரும்பும்போது குறைத்துக்கொள்ளுங்கள். இசையை மட்டும் அணைக்க வேண்டாம். முதல் கேமின் கல்லறை உலகத்து இசைக்காகவே அங்கே கொஞ்ச நேரம் சும்மா நிற்கலாம்.

என் நினைவில் இருக்கும் குரல் இது இல்லையே. ஏதாவது மாற்றிவிட்டார்களா?

உங்கள் நினைவு சரிதான். பிரிட்டனில் வந்த பதிப்புகளில் குரல் வேறு. இரண்டாவது கேமுக்கு லெஸ்லி பிலிப்ஸ், மூன்றாவதுக்கு டானி ஜான்-ஜூல்ஸ். பிலிப்ஸ் பழைய பிரிட்டிஷ் நகைச்சுவைப் படங்களில் புகழ்பெற்ற, வழவழப்பான குரல் உள்ள மூத்த நடிகர். அதே பல்லி அவர் வாயில் முற்றிலும் வேறொரு ஆளாகிவிடுகிறான்.

இன்னொரு விஷயம். ஐரோப்பா மாதிரி பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறையில் டிவி இருந்த இடங்களுக்கான பதிப்புகள் நொடிக்கு 50 முறை திரையைப் புதுப்பித்தன. அமெரிக்க, ஜப்பானியப் பதிப்புகள் 60 முறை. அந்தக் காலத்தில் பல கேம்களை இந்த வித்தியாசத்துக்கு ஏற்பச் சரிசெய்யாமலே வெளியிட்டார்கள். அதனால் ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடும், இசையும் இழுக்கும். ஒரு பதிப்பில் பழகிய கை இன்னொன்றில் குதியைத் தவறவிடுவது சகஜம். அரை மணி நேரத்தில் சரியாகிவிடும்.

நின்டெண்டோ 64-ல் ஆடினேன். அதில் கெக்ஸ் இவ்வளவு பேசவே இல்லையே?

ஆமாம், கார்ட்ரிட்ஜ். நின்டெண்டோ 64-ன் மிகப் பெரிய கார்ட்ரிட்ஜே 64 மெகாபைட்தான். பெரும்பாலான கேம்கள் அதைவிட மிகச் சிறியவற்றில் வந்தன. பேச்சுதான் அதிக இடம் பிடிக்கும் என்பதால் இரண்டாவது கேமின் 'கெக்ஸ் 64' பதிப்பில் முதலில் வெட்டப்பட்டதும் அதுதான். மீதமிருந்த சில வரிகள் சுற்றிச் சுற்றி வந்தன. பேசுவதற்கென்றே பிறந்த ஒரு பாத்திரத்துக்கு இது பெரிய இழப்பு. பதிலுக்கு அந்தப் பதிப்பில் மட்டும் தண்ணீருக்கடியில் ஒரு லெவல் உண்டு.

பிளேஸ்டேஷன் பதிப்பில் சுவரும் தரையும் ஆடுகிறதே, தகடு பழுதா?

இல்லை, அந்த இயந்திரமே அப்படித்தான். பிளேஸ்டேஷன் 3டி வடிவங்களின் மூலைப் புள்ளிகளைத் திரையில் முழு எண் இடங்களில்தான் வைக்கும். கேமரா மெதுவாக நகரும்போது புள்ளி ஒரு இடத்திலிருந்து அடுத்த இடத்துக்குத் தாவுகிறது. அதுதான் நடுக்கமாகத் தெரிகிறது. தரையின் மேல் ஒட்டிய படமும் தூரத்துக்கு ஏற்பக் கணக்கிடப்படுவதில்லை, அதனால் கட்டங்கள் வளைகின்றன. நின்டெண்டோ 64-ல் இந்த இரண்டு குறையும் கிடையாது, ஆனால் அதன் படங்கள் மங்கலாக இருக்கும்.

எமுலேட்டரில், அதாவது பழைய கன்சோலைப் போலவே இயங்கும் கம்ப்யூட்டர் மென்பொருளில், ஆடுபவர்கள் இந்த நடுக்கத்தைச் சரிசெய்யும் அமைப்பைப் போட்டுக்கொள்ளலாம். 3டி கேம்களுக்கு அது நல்லது. அதற்கு மேல் தெளிவைக் கூட்டிக்கொண்டே போனால், பழைய டிவியின் மங்கலில் மறைந்திருந்த தையல்கள் எல்லாம் வெளியே வந்துவிடும். இரண்டு மடங்கோடு நிறுத்துவது என் பழக்கம்.

பழைய பெட்டி டிவி அவசியமா?

அவசியம் இல்லை. இருந்தால் நல்லது. இந்த கேம்கள் 240 வரிகள் கொண்ட படத்துக்காக வரையப்பட்டவை. கண்ணாடிக் குழாய் டிவியில் புள்ளிகள் ஒன்றோடொன்று கலந்து நிறம் மிருதுவாகத் தெரியும். எல்இடி திரையில் அதே புள்ளிகள் தனித்தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும்.

அதைவிட முக்கியம் தாமதம். பொத்தானை அழுத்திய பிறகு பல புதிய டிவிகள் படத்தை மெருகேற்றிவிட்டுத்தான் காட்டும். சுவரில் ஒட்டிக்கொள்ளும் நொடியில் அது கழுத்தை அறுக்கும். டிவி அமைப்பில் 'கேம் மோட்' இருக்கும், அதைப் போடுங்கள். 'கேம் கடினமாக இருக்கிறது' என்று சொல்பவர்களில் பலருக்குப் பிரச்சினை அங்கேதான்.

இரண்டாவது கேமில் கேமரா என்னைப் பைத்தியமாக்குகிறது. என்ன செய்வது?

1996-ல் மாரியோ 64 வந்து, 3டியில் ஓடிக் குதிப்பது எப்படி என்று காட்டியது. அதற்கு அடுத்த சில வருடங்கள் எல்லா நிறுவனங்களும் கேமராவோடு மல்லுக்கட்டின. என்டர் தி கெக்கோவும் அந்தக் கூட்டத்தில் ஒன்று. குறுகலான இடத்தில் கேமரா சுவருக்குப் பின்னால் போய்விடும். குதிக்கும் நேரத்தில் தானாகத் திரும்பும்.

மெனுவில் கேமராவைத் தானாக விடுவதா, பாதியா, முழுக்க நம் கையிலா என்று மாற்றிக்கொள்ளலாம். முழுக்கக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு குதிக்கும் முன்னால் நின்று, கேமராவைக் கெக்ஸின் முதுகுக்கு நேராகக் கொண்டு வந்து, நிழலைப் பார்த்துக் குதியுங்கள். வேகம் போய்விடும், உண்மைதான். ஆனால் இந்த கேம் வேகத்துக்காகச் செய்யப்பட்டதும் இல்லை. கார்ட்டூன், பேய்ப் படம், குங்ஃபூ, டைனோசர், கம்ப்யூட்டருக்குள் என்று ஒவ்வொரு சேனலிலும் கெக்ஸ் வேறு வேஷம் போட்டுக்கொண்டு வருவதைச் சுற்றிப் பார்க்கத்தான் அது.

எந்த வரிசையில் ஆடுவது?

வந்த வரிசையிலேயே. சிறு வயதில் இரண்டாவதை மட்டும் ஆடியவர்கள் நேராக அதற்குத்தான் போக நினைப்பார்கள். அப்படிப் போனால் கேமராவோடு சண்டை போட்டுவிட்டு, 'அன்றைக்கு நன்றாக இருந்ததே' என்று அலுத்துக்கொண்டு மூடிவிடும் ஆபத்து இருக்கிறது. முதல் கேமில் அவன் கைகால் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டு வந்தால், இரண்டாவதில் அவர்கள் எதைக் காப்பாற்றினார்கள், எதை விட்டுவிட்டார்கள் என்று தெரியும். எந்தச் சுவரிலும் ஏறும் சுதந்திரம்தான் முக்கியமாகப் போய்விட்டது. 3டியில் குறிப்பிட்ட சுவர்களில் மட்டுமே ஏற முடியும்.

இப்போது சட்டப்படி எங்கே ஆடலாம்?

லிமிடெட் ரன் கேம்ஸ் நிறுவனம் மூன்றையும் சேர்த்து 'கெக்ஸ் ட்ரிலஜி' என்று 2025 ஜூனில் வெளியிட்டது. பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ், ஸ்விட்ச், கம்ப்யூட்டர் எல்லாவற்றிலும் இருக்கிறது. இது புதிதாக வரைந்த கேம் இல்லை, பழையதையே புதிய கருவிகளில் ஓட வைத்தது. நினைத்த இடத்தில் சேமிக்கலாம், தவறினால் பின்னால் ஓட்டலாம்.

பழைய தகடு வைத்திருப்பவர்கள் மெமரி கார்டையும் பாருங்கள். பிளேஸ்டேஷன் கார்டில் 15 கட்டங்கள்தான் உண்டு. அதில் பேட்டரி கிடையாது, அதனால் உங்கள் பழைய சேமிப்பு இன்னும் உள்ளே இருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. அழிப்பதற்கு முன்னால் ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.

பின்னால் ஓட்டும் வசதியைப் பயன்படுத்துவது ஏமாற்றுவதா?

இல்லை. முதல் கேமில் நினைத்த இடத்தில் சேமிக்க முடியாது என்பது அந்தக் காலத்துக்கே கடுமையான விதி. விடுமுறை முழுவதும் கையில் இருந்த ஒரு பிள்ளைக்கு அது பரவாயில்லை. வேலை முடிந்து வந்து முக்கால் மணி நேரம் ஆடுபவரிடம் அதே விதியைப் போட வேண்டிய அவசியம் இல்லை. ஒரு லெவலின் தொடக்கத்தில் சேமித்துக்கொண்டு உள்ளே மட்டும் பழைய விதிப்படி ஆடுவது நல்ல நடுவழி. விழுந்தால் என்ன ஆகும் என்ற பயம் கொஞ்சமாவது இருந்தால்தான் சுவரில் ஒட்டிக்கொள்ளும்போது நிம்மதி வரும்.

நான்காவது கேம் ஏன் வரவில்லை?

கிரிஸ்டல் டைனமிக்ஸை 1998-ல் ஐடாஸ் என்ற பிரிட்டிஷ் கேம் நிறுவனம் வாங்கியது. பிறகு அந்த ஸ்டுடியோ டூம்ப் ரைடர் கேம்கள் பக்கம் போனது. 2009-ல் ஐடாஸை ஜப்பானின் ஸ்கொயர் எனிக்ஸ் வாங்கியது. 2022-ல் கிரிஸ்டல் டைனமிக்ஸ் எம்ப்ரேசர் குழுமத்துக்குக் கைமாறியபோது, கெக்ஸின் உரிமை ஸ்கொயர் எனிக்ஸிடமே நின்றுவிட்டது. அதாவது உருவாக்கிய ஸ்டுடியோ ஒரு வீட்டில், பல்லி இன்னொரு வீட்டில்.

ஆட்களும் கலைந்துவிட்டார்கள். கெக்ஸில் வேலை செய்த இவான் வெல்ஸ், புரூஸ் ஸ்ட்ரேலி இருவரும் நாட்டி டாக் என்ற இன்னொரு கேம் நிறுவனத்துக்குப் போனார்கள். வெல்ஸ் பின்னால் அந்த நிறுவனத்தின் தலைவர்களில் ஒருவரானார். ஸ்ட்ரேலி 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' கேமை இயக்கிய இருவரில் ஒருவர். ஓடிக்கொண்டே பேசும் பாத்திரங்களுக்கு அந்த ஸ்டுடியோ பெயர் வாங்கியதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பல்லி ஞாபகம் வரும்.

குழந்தைகளிடம் கொடுக்கலாமா?

முதலாவதைக் கொடுக்கலாம். இரண்டாவது, மூன்றாவது கேம்களில் பெரியவர்களுக்கான குறும்புப் பேச்சு கொஞ்சம் உண்டு. மூன்றாவதில் ஏஜென்ட் எக்ஸ்ட்ரா என்ற பெண் பாத்திரத்தை வைத்து எடுத்த நிஜ மனிதக் காட்சிகள் வேறு வருகின்றன. நீங்கள் முதலில் ஆடிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இதே மாதிரி வேறு எதை மறுபடி ஆடிப் பார்க்கலாம்?

எர்த்வார்ம் ஜிம்மைக் கண்டிப்பாக. அதன் நகைச்சுவை பேச்சில் இல்லை, வரைந்த விதத்தில் இருக்கிறது, அதனால் பழசாகவே இல்லை. முதல் பப்ஸி, நினைவில் இருப்பதை விடக் கடினம். வேகமாக ஓட விட்டுவிட்டு, ஒரே அடியில் சாக வைக்கும். 1996-ல் வந்த பப்ஸி 3டி பக்கம் போக வேண்டாம்.

முழுவதும் முடிக்க வேண்டுமா?

3டி கேம்களில் வேண்டாம். வெள்ளி ரிமோட்டுகளுக்காக ஒரே லெவலைத் திரும்பத் திரும்பச் சுற்றுவதில் புதிதாகப் பார்க்க ஒன்றும் இல்லை. வாயாடியின் அதே வரிகள்தான் மறுபடி வரும்.

முதல் கேமில் மட்டும் செய்யுங்கள். அதில் பிளானட் எக்ஸ் என்று மறைத்து வைத்த ஓர் உலகம் இருக்கிறது. அதற்கான ரிமோட்டுகள் மற்ற உலகங்களில் ஒளிந்திருக்கின்றன. அவற்றைத் தேடுவதற்குத்தான் சுவர், கூரை, பின்னணி என்று எல்லாவற்றிலும் ஏறிப் பார்க்க வேண்டியிருக்கிறது. வழிகாட்டி இல்லாமல் ஒரு சுற்று தேடுங்கள். கிடைக்காத கடைசி ஒன்றுக்கு மட்டும் யாராவது ஆடிய வீடியோவைப் பாருங்கள்.